மஞ்சள் கண் செண்பகம்

நேற்றுக் காலை உன் அம்மா, படம் கீறுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் உன் செத்தவீட்டில் எடுத்த புகைப்படம். உன் முகம் உள்ள படம் அது ஒன்றுதான். அதைப் பார்த்து அவர் பெரிதாக, வண்ணத்தில் கீற வேண்டுமாம். கண் மட்டும் திறந்திருக்க வேண்டுமாம்.

“என்ரை பிள்ளை முழிச்சிருக்கவேணும். கண் எப்பிடியெண்டு இவர் கேக்கிறார். எனக்கு அழுகைதான் வருகுது. நீ சொல்லு பிள்ளை.”

எனக்கு உடனே நம்முடைய செண்பகப் பறவை நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூட நாட்களில், பிஸ்கற் தகரத்தில் ஒட்டியிருந்த பறவைப் படங்களை ஆவியில் பிடித்து உரித்தெடுப்போம். சிகரெற் பெட்டிக்குள் வரும் சிறு அட்டைகளை உன் ஐயாவிடம் கெஞ்சி வாங்குவோம். எல்லாம் பழைய புத்தகப் படங்களைப் பார்த்து மறுபடி அச்சிட்டவை. உன் ஐயாவின் மூக்குக்கண்ணாடியை மேலே பிடித்து, மூலையில் எறும்பளவில் இருக்கும், கீறினவரின் பெயரை நான் வாசிப்பேன். நீ பெயரைப் பார்க்கமாட்டாய், பறவையைத்தான் பார்ப்பாய். துணிக்கடை நாட்காட்டியில் செண்பகம் வந்த அன்று சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது.

“எடி, உந்த மஞ்சள் கண்ணை ஆர் உவருக்குக் காட்டினது? எங்கடை வேலியிலை நிக்கிறதுக்குக் கள்ளுக் குடிச்ச மாமாவின்ரை கண்ணெல்லோ!”

“அச்சடிச்சவன் பிழை விட்டிருப்பான்.”

“கீறினவனாயும் இருக்கும். நீ கொழும்புக்குப் படிக்கப் போறாயெல்லோ, கண்டுபிடிச்சு வந்து சொல்லு.”

அந்த மூலைப் பெயரை வைத்துக்கொண்டு கொழும்பில் தேடினேன். பழம்பொருட்கள் வைக்கும் நூதனசாலையின் நூலகத்தில் ஒருவரிடம் வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு, வாசல்வரை போய்த் திரும்பிய சனிக்கிழமைகள் பல. கடைசியில் மூலப் புத்தகம் கைக்கு வந்தது. அதிலும் மஞ்சள் கண்தான். முன்னுரையில் விளக்கம் இருந்தது. பறவையின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்களாம். லண்டனில் இருந்தவர் அதைப் பார்த்துக் கீறினாராம். தோலோடு கண் போகாது. தெரியாத நிறத்துக்கு அவர் மஞ்சளை வைத்துவிட்டார்.

கடிதத்தில் எழுதாமல், விடுமுறைக்கு வந்து சொல்ல வைத்திருந்தேன். நீ சிரிக்கும்போது பக்கத்தில் இருக்க ஆசை. உன் காய்ச்சல் முந்திக்கொண்டது. எங்கள் தோட்டக்காரக் குடும்பத்தின் முதல் பட்டத்தோடு வந்தபோது ஊரே என்னவெல்லாமோ கேட்டது. செண்பகத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

“கண் கறுப்புத்தானே தங்கச்சி?” என்று நேற்றுக் கேட்டார் படம் கீறுகிறவர். “நான் எல்லாருக்கும் கறுப்புத்தான் வைக்கிறனான்.”

பிறத்தியாரோடு கதைக்க எனக்கு வரும் நடுக்கம் உனக்குத் தெரியும். “இல்லை அண்ணை. மண்ணிறம். வெயிலிலை பனங்கட்டி நிறமாய்த் தெரியும். சிரிக்கேக்கை இடக்கண் கொஞ்சம் சின்னனாகும்.”

“உமக்கு அது வடிவாய்த் தெரியுமோ?”

“ஓம். நான் கண்டனான்.”

அவர் சாயத்தைக் குழைத்துக் குழைத்துக் காட்ட, நான் இன்னும், இன்னும் என்றேன். ஒரு நிறத்தைக் கண்டதும் உன் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அதுதான் என்றேன்.

உன் குரல் இப்போது எனக்குச் சரியாக வருவதில்லை. சொன்ன சொல் இருக்கிறது, ஒலி போய்விட்டது. கண்ணின் நிறம் மட்டும் பிசகாமல் என்னிடம் இருக்கிறது. அதுவும் போகுமுன் படம் கீறுகிறவர் வந்தாரே.