பலகையில் இருப்பது என் பெயர்

ஏப்ரல் 28, 2024, ஞாயிறு

செய்யப்பட்ட தவறு இது: டோலினா கோல்ஃப் மன்றத்தின் சுவரில், வாகையர் பலகையில், 2016-க்கு எதிரே ஓரெஸ்ட் டனிலுக் என்று தங்க எழுத்தில் எழுதியிருக்கிறது. அது என் பெயர். அந்த வருடம் ஜெயித்தது நான் இல்லை. கெல்சி ரோமன்சுக் ஜெயித்தாள். பதினைந்து வயது. அவள் எழுபத்து நான்கு அடி, நான் எழுபத்தைந்து; கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி. ஆட்டம் தொடங்கும் ஒரே மேட்டிலிருந்துதான் இருவரும் அடித்தோம்.

பெயர்ப் பட்டியலில் 'கே. ரோமன்சுக்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கமிட்டி அவள் அப்பா கென் என்று நினைத்துக்கொண்டது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சடைப் பின்னலோடு வந்து நின்றபோது தடுக்க ஒருவருக்கும் வாய் எழவில்லை. எப்படியும் தோற்றுவிடுவாள் என்று சும்மா இருந்தார்கள். அவள் ஜெயித்த பிறகுதான் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பலகையைப் படித்தார்கள். தலைப்பு 'ஆண்கள் வாகையர்'. ஆகவே அவளுக்குப் பெண்கள் பிரிவின் முதல் பரிசு: ஒரு வாஃபிள் அடுப்பு, அப்பம் சுட. அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். கோப்பையை நான் வாங்க மறுத்தேன். நான் மறுத்ததை மதித்து, நான் இல்லாத நேரத்தில் அதில் என் பெயரைச் செதுக்கினார்கள்.

வசந்தம்தோறும் ஒரு கடிதம் எழுதுகிறேன். இன்று எட்டாவது. ஏன் இந்த வருடம் கூடுதல் சூடு என்றால், நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு பலகை: 'கெல்சி ரோமன்சுக்கின் சொந்தத் திடல்.' போன டிசம்பரில் அவள் பெண்களின் பெரிய சுற்றில் ஆடத் தகுதி பெற்றாள் அல்லவா, அதனால் திடீரென்று எல்லோருக்கும் பாசம். லாரிக்காரர்கள் படிக்கலாம். சுவரில் மட்டும் கூடாது. பெயரில் ஒரு எழுத்து வேறு தப்பு.

மே 6

கமிட்டிக் கூட்டம். தலைவர் வேய்ன் ஸ்டாடார்ட் என் கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. "வழக்கமான கடிதம்" என்று சொல்லி மடித்து வைத்தான்.

"ஓரெஸ்ட், தங்க எழுத்துல பேரு வந்தா மத்தவன் கேக் வெட்டுவான். நீங்க என்னடான்னா எடுக்கச் சொல்றீங்க."

"பொய்யா இருந்தாலும் கேக் வெட்டுவியா?"

"பொய்னு எப்படிச் சொல்றது? கடைசிக் குழிக்கு அவளுக்குப் பாதை இழுத்தது நீங்கதானே? எப்படி இழுத்தீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

சிரித்தார்கள்.

எங்கள் திடலில் குழியைச் சுற்றிப் புல் இல்லை, எண்ணெய் தெளித்த மணல் வட்டம். எங்கள் சஸ்காட்சவான் மாகாண வறட்சிக்கு அதுதான் தாங்கும். முன்னால் போனவர்களின் காலடி மணலில் இருக்கும். அதனால் பந்துக்கும் குழிக்கும் நடுவே இழுவைக்கட்டையால் ஒரு பாதை சமன்செய்ய வேண்டும். கூட ஆடுபவர் இழுத்துக் கொடுப்பது மரியாதை. அன்று அவள் பந்துக்கும் குழிக்கும் இருபதடி தூரம் இருந்தது. நான் இழுத்தேன். நேராக இழுத்தேன். முப்பத்தொரு வருடம் நகராட்சியின் சாலை சமன்படுத்தும் வண்டி ஓட்டியவன் நான். நேர்கோடு எது என்று எனக்கு இவன் சொல்லவேண்டாம். பள்ளம் போட்டுப் பந்தைக் குழியில் உருட்டிவிட்டேனாம்! அப்படியே செய்திருந்தால் என் பந்துக்குச் செய்திருக்க மாட்டேனா?

மே 7

பலகை விஷயத்துக்கு ஒரு துணைக் கமிட்டி அமைத்திருக்கிறார்கள். அதில் வேய்ன், வேய்னின் மைத்துனன், காலியான ஒரு நாற்காலி.

ஜூன் 14

மன்றத்தில் டிவி. தெற்கே, எல்லைக்கு அப்பால் ஏதோ போட்டி, கெல்சி பதினொன்றாவது இடம். லொரெய்ன் பெரகி அவித்திருந்தாள், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. எங்கள் செயலாளர் அவள். எதற்கும் ஓட்டு போட மாட்டாள், எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். கூட்டம் தாங்கவில்லை. வேய்ன் ஒவ்வொரு அடிக்கும் "நம்ம பொண்ணு! நம்ம திடல்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

இந்த நம்ம திடலில் சனி, ஞாயிறு மூன்று மணிக்கு முன்னால் சிறுபிள்ளைகள் கால் வைக்கக் கூடாது என்று ஒரு விதி இன்றுவரை உண்டு. நம்ம பொண்ணு சின்ன வயதில் வேலிக்கு வெளியே, கனோலா வயல் ஓரத்தில், தரையணில் வளைகளைக் குறிவைத்து அடித்துக்கொண்டு மூன்று மணிக்காகக் காத்திருப்பாள். குளிர்காலத்தில் பனி அரங்கின் பின்கட்டில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு அடித்தாள். அப்புறம் அர்க்கன்சாவில் கல்லூரி, இரண்டு வருடம் சின்னச் சுற்று, பிறகுதான் இது. இவர்கள் கொடுத்தது ஒரு வாஃபிள் அடுப்பு.

பெரகி நன்றாக இருந்தது. லொரெய்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மன்றத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். எழுதிவிடுகிறேன்.

டிவியில் கெல்சியின் இன்னொரு போட்டி, இரண்டாம் நாள் ஆட்டம். இன்றோடு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசிக் குழிக்கு வரும்போது கெல்சி தப்பித்தவர்களின் கோட்டுக்கு உள்ளே இருந்தாள், ஒரு அடி மிச்சத்தோடு. பந்து புல் வட்டத்தில், குழிக்குப் பன்னிரண்டடி தூரம். நின்று பார்த்தாள். யாரையோ எதிர்பார்ப்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். பிறகு — நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே — இடது காலைப் பந்திலிருந்து குழிப் பக்கமாக நீளத் தேய்த்து இழுத்தாள்.

பாதை இழுத்துவிட்டாள்.

புல்லில்! புல்லில் அப்படிச் செய்யக் கூடாது, இரண்டு அடி அபராதம். மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரியும். டிவியில் பேசுகிறவர்களுக்குத் தெரியவில்லை. "இந்தப் பொண்ணு மணல்மேட்டுல வெளாடிக் கத்துக்கிட்டாளா?" என்று ஒருவன் கேட்டான், இன்னொருவன் விடாமல் சிரித்தான். ஆமடா, மணலில்தான் கற்றுக்கொண்டாள். வந்து ஆடிப் பாரேன்.

ஒரு அடியில் வெளியே.

ஜூலை 16

நெடுஞ்சாலைப் பலகையை இறக்கிவிட்டார்கள். "வர்ணம் அடிக்க" என்கிறான் வேய்ன். ஏப்ரலில் அடித்த வர்ணம்!

"நாடே நம்மளப் பாத்துச் சிரிக்குது ஓரெஸ்ட். கொஞ்ச நாளு சும்மா இருப்போம்."

பதினொன்றாவது இடத்தில் நம்ம பொண்ணு. கால் வழுக்கினால் கென்னின் பொண்ணு.

ஆகஸ்ட் 3, சனி

இன்று நானே மன்றத்துக்குப் போனேன். சட்டைப்பையில் வர்ணம் சுரண்டும் தகடு. ஆட்கள் எல்லாம் திடலில் இருந்தார்கள். நாற்காலி போட்டு ஏறினேன். முதல் எழுத்தைச் சுத்தமாக எடுத்தேன், மரத்துக்கு ஒரு கீறல் இல்லாமல். இரண்டாவதுக்குத் தகட்டை வைக்கும்போது லொரெய்ன் காபிக் குவளையோடு உள்ளே வந்தாள்.

"ஓரெஸ்ட், எறங்கு."

"முடிச்சிட்டு எறங்கறேன்."

"எழுபத்தாறு வயசுல விழுந்தா இடுப்பு போயிரும். ஒன் வீட்டுக்காரிக்கு நான் பதில் சொல்ல முடியாது. எறங்கு."

இறங்கினேன். பலகையில் இப்போது 2016-க்கு எதிரே இருப்பது: ரெஸ்ட் டனிலுக்.

ஆகஸ்ட் 5

இந்தப் பருவம் முழுக்க என்னை நீக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஏகமனதாக. துணைக் கமிட்டியின் காலி நாற்காலிகூட ஆதரித்திருக்கும்.

ஆகஸ்ட் 9

கூட்டுறவுக் கடையில் மூன்று பேர் "என்ன ரெஸ்ட், நல்லா ரெஸ்டா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆல்வினாவிடம் சொன்னேன். ஐம்பது வருடம் எனக்கு மனைவியாக இருப்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீட்ரூட்டை நறுக்கினாள். தோள் மட்டும் குலுங்கியது.

செப்டம்பர் 22

கெல்சி வந்தாள். பருவம் இன்னும் முடியவில்லை, ஆனால் அவளுக்கு முடிந்துவிட்டது. பட்டியலில் கீழே போய்விட்டாள், இடம் பறிபோகிறது. டிசம்பரில் அலபாமாவில் மறுபடி தகுதிச் சுற்று ஆட வேண்டும். ஒன்பது மாதமாக முன்பின் தெரியாதவர்களின் வீட்டு மாடி அறைகளில் தூங்கியிருக்கிறாள். மெலிந்திருக்கிறாள். ஆல்வினா முட்டைக்கோஸ் உருண்டையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியவரே, நீங்க ரெஸ்ட் எடுக்கறீங்கன்னு ஊரே சொல்லுதே?"

"நீயுமா?"

சிரித்தாள். நான் நேராகக் கேட்டேன், அந்தக் கால் எப்படிப் போனது என்று.

"யாராவது கட்டை இழுப்பாங்கன்னு நின்னேன். சத்தியமா. களைப்புல எங்க இருக்கேன்னே தெரியல. யாரும் வரல. கால் தானாப் போயிருச்சு."

"நடுவர் உடனே பாத்துட்டாரா?"

"அவரு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாரு. நான்தான் கையத் தூக்கினேன்."

இதை டிவியில் யாரும் சொல்லவில்லை. தன் காலைத் தானே காட்டிக்கொடுத்தவளின் பெயர் சுவரில் இல்லை. ஜெயிக்காதவன் பெயர் இருக்கிறது, அதுவும் முக்கால்வாசி.

எட்டுக் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். முள்கரண்டியால் தட்டைச் சுரண்டினாள்.

"எனக்கு அது வேணுமான்னு யாரும் கேக்கவே இல்லையே, பெரியவரே. நீங்க உட்பட."

உண்மை. கேட்கவில்லை. எட்டு வருடமாக ஒருமுறைகூட. தோன்றவே இல்லை.

"சரி, இப்பக் கேக்கறேன். வேணுமா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேணும். அந்த வாஃபிள் அடுப்பத் தூக்கிட்டு ரெண்டு மைல் நடந்தேன். அப்பவே வேணும்."

ஆல்வினா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

நவம்பர் 18

ஆண்டுப் பொதுக்கூட்டம். நீக்கப்பட்டவன் என்பதால் நான் கதவருகில், கோட்டுகள் மாட்டும் இடத்தில் நிற்கலாம் என்றார்கள். நின்றேன்.

வேய்ன் விலகுகிறான். முதுகுவலி. அந்த முதுகுக்கு இந்தக் குளிர்காலம் அரிசோனாவில் வீடு வாங்கியிருக்கிறான். அடுத்த தலைவர் யார் என்று கேட்டதும் எல்லோருக்கும் தங்கள் காலணி மிகவும் பிடித்துப்போனது. அப்போது ஒரு கை. ஆல்வினா!

"இந்த ஆளோட கடுதாசிய எட்டு வருஷமா சாப்பாட்டு மேசையில படிச்சிருக்கேன். இனிமே ஆபீஸ்ல படிக்கறேன். சாப்பாடாவது செரிக்கும்."

போட்டியில்லை. உட்கார்ந்த உடனே பலகை விஷயத்தை எடுத்தாள். வேய்ன் எழுந்து, "அது ஆண்கள் பலகைங்க. விதிய நான் எழுதல, என்னால என்ன செய்ய முடியும்?" என்றான். எட்டு வருடமாக இதே வாக்கியம்.

"விதி எங்க எழுதியிருக்கு, வேய்ன்? புத்தகத்துலயா?"

"தலைப்புல இருக்கே."

"லொரெய்ன், விதிப் புத்தகத்துல 'ஆண்கள்'ங்கற வார்த்தை இருக்கா?"

லொரெய்ன் புரட்டினாள். 'மன்ற வாகையர்' என்றுதான் இருந்தது. 1958-இல் பலகை செய்த தச்சன் தானாகச் சேர்த்தது போலிருக்கிறது.

"அப்ப அந்த ஒரு வார்த்தையச் சுரண்டு. அதுக்கப்புறம் எழுபத்து நாலு பெருசா, எழுபத்தஞ்சு பெருசான்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்களக் கேளு."

பதினான்குக்கு மூன்று ஓட்டில் நிறைவேறியது. மூன்றில் ஒன்று வேய்னின் மைத்துனன்.

நவம்பர் 19

எட்டுக் கடிதங்களின் நகல்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் தலைப்பைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. பெயரை எடு, பெயரை எடு என்றே எழுதியிருக்கிறேன். விதிப் புத்தகத்தைக் கேட்கவும் இல்லை. நாற்காலி போட்டு ஏறியபோதும் அந்த வார்த்தை என் மூக்குக்கு மேலேதான் இருந்தது.

கடிதங்கள் தவறு என்று இதற்குப் பொருள் இல்லை.

டிசம்பர் 10

கெல்சி போன் செய்தாள். முதல் இருபத்தைந்து பேருக்குப் பெரிய சுற்றில் இடம். அவள் முப்பத்தொன்று. அடுத்த வருடம் மறுபடி சின்னச் சுற்று, மறுபடி மாடி அறைகள். அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. ஆனால் ஐந்து நாள், தொண்ணூறு குழி, கால் ஒருமுறையும் போகவில்லையாம். நினைவுக்காக இடது காலணி முனையில் வெள்ளை ஒட்டுத்துணி ஒட்டிக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

தலைவரிடம் ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: நெடுஞ்சாலைப் பலகை திரும்ப வேண்டாம், சுவர் போதும்.

டிசம்பர் 11

வசந்தத்தில் மன்றம் திறப்பதற்குள் செய்ய வேண்டியவை. தலைவர் ஆல்வினா டனிலுக் ஒப்புதலோடு:

வேய்ன் ஏணி கொண்டுவர வேண்டும். அரிசோனா போவதற்கு முன். நெடுஞ்சாலைப் பலகை அவன் விறகுக்குக் கூரையாக இருக்கிறது, இருக்கட்டும்.

'ஆண்கள்' என்ற வார்த்தையையும் என் பெயரின் மிச்சத்தையும் நான் சுரண்ட வேண்டும். லொரெய்ன் ஏணியைப் பிடிப்பாள். இடுப்பைப் பற்றிப் பேச மாட்டாள்.

தங்க எழுத்து லொரெய்ன் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இல்லாமல். கென்னிடம் கேட்டு, இரண்டு முறை சரிபார்த்து.

கோப்பையில் செதுக்கியதை அழித்துச் செதுக்கும் ஆளை ஆல்வினா தேடுகிறாள். தேடிவிட்டதாகச் சொல்கிறாள்.

சனி, ஞாயிறு மூன்று மணி விதியை ஒழிக்கும் தீர்மானத்தை நான் எழுத வேண்டும். இது ஒன்பதாவது கடிதம். மேசையில் வைக்கக் கூடாது, ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

கெல்சி மே முதல் ஞாயிறு வருகிறாள். என் நீக்கமும் அதற்குள் முடிந்துவிடும். ஒன்பது குழி ஆடுவோம். கடைசி வட்டத்தில் அவள் எனக்குப் பாதை இழுத்துக் கொடுக்க வேண்டும். போன முறை நான் இழுத்தேன்.

நேராக இழுக்க வேண்டும்.