இரண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டவளுக்கு

கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்திருந்த உன் படத்தை மகள் இன்று காலை வாங்கி வந்தாள். துணியால் கண்ணாடியைத் துடைத்து மேஜைமேல் சாய்த்து வைத்தாள். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வாரிய தலை. விசாவுக்காக எடுத்த படம். எத்தனையோ கல்யாணப் படங்களில் நீ இருக்கிறாய். எல்லாவற்றிலும் யாருக்கோ பின்னால் பாதி முகம்தான். நேராகப் பார்க்கும் படம் இது ஒன்றுதான் கிடைத்தது. சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல உனக்குச் சிரிப்பு வந்ததே, அது உதட்டோரத்தில் இன்னும் தெரிகிறது.

அமெரிக்கா போவதில் எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. நர்ஸ் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்ட என் அக்கா, தம்பியான என் குடும்பமும் வரட்டும் என்று மனுப் போட்டிருந்தாள். அப்போது நம் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது கல்லூரியே முடித்துவிட்டாள். ஆசை முழுக்க உன்னுடையது. எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, நம் மரவள்ளிக் காட்டுக்கு வாழ வந்தவள் நீ.

"களை வெட்டி களை வெட்டி இந்தத் தரையவே பாத்துக்கினு இருந்தாச்சு. இன்னொரு ஊரு எப்படித்தான் இருக்குதுன்னு பாத்துட்டு வரலாம்" என்பாய்.

"வரலாம்னு சொல்லாத. அங்கியே இருக்கப் போறோம்னு சொல்லணும். இது அந்த மாதிரி விசா" என்று நான் திருத்துவேன். கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே ஒத்திகை பார்ப்போம். நான் அதிகாரி.

சென்னையில், தூதரகத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நிஜ அதிகாரி இருந்தார். இளவயதுக்காரர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் அம்மாள். அக்காவைப் பற்றிக் கேட்டார், குடும்பப் படங்களைப் பார்த்தார். எல்லாம் சரியாகப் போனது. மகளின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, அவளுடைய பாஸ்போர்ட்டை மட்டும் சன்னலுக்கு அடியில் நம் பக்கம் தள்ளினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் விசா உண்டு. பொண்ணு வயசு வரம்பைத் தாண்டிட்டாங்க, உங்களோட வர முடியாது. நீங்க போன பிறகு தனியா மனு போடலாம். அதுக்குப் பல வருஷம் ஆகும்" என்றார் அந்த அம்மாள்.

"அவ எங்க பொண்ணுதானேம்மா?" என்று கேட்டாய்.

"பொண்ணுதான். சட்டப்படி குழந்தை இல்ல."

"நீங்க போங்கம்மா, நான் லேடீஸ் ஆஸ்டல்ல இருந்துக்கறேன்" என்றாள் மகள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் இத்தனை காலம் காத்திருந்த அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சன்னலுக்கு அடியில் கையை நீட்டினாய். "எங்க ரெண்டு பேருதையும் குடுத்துடுங்க சார்."

மனு என் பெயருக்கு வந்தது என்பதால் அதிகாரி என்னிடம் கேட்டார். இந்த வாய்ப்பு மறுபடி வராமல் போகலாம் என்றும் சொன்னார்.

"தெரியுதுங்க. எங்களுக்கு வேணாம்" என்றேன்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது ஓட்டலில் உட்கார்ந்தோம். "என்னாலதானேம்மா" என்று மகள் அழுதாள்.

"இன்னாடி உன்னால? நீ வளந்தது ஒரு குத்தமா? தோசைய துன்னு, ஆறிப் போவுது" என்றாய். நீ எதுவும் சாப்பிடவில்லை.

அக்கா போனில் அழுதாள். "எத்தினி வருசம் காத்துக்கினு இருந்தேன்டா!" நீ போனை என்னிடமிருந்து வாங்கினாய். "அண்ணி, கோச்சுக்காதீங்க. நீங்க வாங்க. தம்பி வூட்டுக்கு வர்றதுக்கு உங்களுக்கு யாரு இன்னா கேள்வி கேப்பாங்க?" அடுத்த பொங்கலுக்கு அவள் வந்தாள்.

பிறகு மகள் ஆசிரியையாகி, கரியாலூர்ப் பக்கம் மலைப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளைப் பார்க்கப் போன ஒரு சாயங்காலம், கீழே சமவெளி முழுக்கத் தெரியும் ஒரு வளைவில் நின்றோம்.

"அண்ணி ஊருல இப்ப இன்னா நேரம் இருக்கும்?" என்று கேட்டாய்.

"விடியற நேரம்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாய். "விடியட்டும். வாங்க, பொண்ணு சோறாக்கி வெச்சிருப்பா" என்று முன்னால் நடந்தாய். அந்த ஆசை உன்னை விட்டுப் போகவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதை உன்னோடேயே வைத்திருந்தாய்; ஒரு நாளும் மகளின் தலையில் இறக்கி வைக்கவில்லை.

இப்போது அவள் தினமும் கேட்கிறாள், "எப்படிப்பா இருக்க?" என்று. நல்லாயிருக்கேன் என்கிறேன். நீ இல்லாத கனத்தை அவள்மேல் இறக்காமல் நடக்கப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.