பழுதில்லாத குடல்வால்

யெரெவான்
செப்டம்பர் 14

என் ஸாவெனுக்கு,

நாங்கள் நலம். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் காகிதம். நாளை நோவோசிபிர்ஸ்க் வரும் ஹ்ராண்டிடம் லவாஷ் ரொட்டியும், உலர்ந்த ஆப்ரிகாட்டும், ஒரு மாத்திரைப் பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். ஆப்ரிகாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பி அனுப்பாதே.

குடல்வாலை எடுத்தாயிற்று, இனி வலியே வராது, மாத்திரையும் வேண்டாம் என்கிறாய். நீ அனுப்பிய அறுவை அறிக்கையை நீயே படித்தாயா? குடல்வாலில் பழுது எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே உள்ளவர்களுக்கு நம் ஊர் வயிற்றுவலி தெரியாது. 'நான் ஆர்மீனியன்' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியை எடுக்கும் முன் யோசித்திருப்பார்கள்.

எங்கள் ஆய்வகத்து அனாஹித் டாக்டரைக் குடைந்து குடைந்து கேட்டேன். வெள்ளை அணுவுக்குள் பைரின் என்று ஒரு புரதமாம், காவல்காரன். கிருமியின் நஞ்சு வரும்வரை வேறொரு புரதம் அவனைப் பிடித்து உட்காரவைத்திருக்கும். உனக்கு அந்தப் பிடி தளர்வு. திருடனே இல்லாமல் எழுந்து ஊரைக் கூட்டுகிறான். காய்ச்சல், வயிற்றில் அழற்சி. மூன்று நாளில் தானே அடங்கிவிடுகிறான். மாத்திரை செய்வது அந்தப் பிடியை மறுபடி இறுக்குவதுதான். "கொள்ளைநோய்க் காலத்துல இந்த அவசரக்காரனாலதான் நம்மாளுங்க சிலர் பிழைச்சிருக்கணும்னு ஒரு யூகம் இருக்கு" என்றார். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

அடுத்துக் கேட்டது பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை வலி வரும்போதும் ஊறும் இன்னொரு புரதம் கரையாமல் சிறுநீரகத்தில் படியுமாம். உன் அப்பாவின் சிறுநீரகம் கெட்டதும் அப்படித்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஸாவென்.

இன்னொன்று. போன மாதம் நம் மகள் த்சோவினாருக்கு வயிற்றுவலி வந்ததே, உன் அம்மாகூட "தயிர் ஒத்துக்கல" என்று சொன்னாரே, அது தயிர் இல்லை. சோதனை முடிவு வந்துவிட்டது. பழுதான மரபணு உன்னிடமிருந்து ஒன்று, என்னிடமிருந்து ஒன்று. உங்கள் வீட்டு நோய் என்று இத்தனை வருடம் உன்னைக் கேலி செய்தேன். எனக்கு ஒருநாள்கூட வலித்ததில்லை, ஆனாலும் என் பங்கைக் கொடுத்திருக்கிறேன்.

அவள் மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறாள். "அப்பா சாப்பிடலையே! எனக்கும் வாலை வெட்டிடச் சொல்லும்மா" என்கிறாள். ஆறு வயதுக்காரியிடம் நான் என்ன சொல்வேன்?

'உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று இந்த ஊரில் ரொட்டிக்கடைக்காரிகூட அன்பாக ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிறாள். நானும் சொல்பவள்தான். இந்த முறை எழுத வரவில்லை. என்னால் எடுக்க முடிந்தால் எடுத்திருக்க மாட்டேனா?

ஞாயிறு காலை வீடியோவில் கூப்பிடு. பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவளும் கையில் மாத்திரையோடு உட்கார்ந்திருப்பாள். அவள் பார்க்க விழுங்கு. பிறகு வாயைத் திறந்து நாக்கைக் காட்டு, இல்லாவிட்டால் உன்னை நம்பமாட்டாள்.

நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கும்
உன் ந்வார்த்