பலகையில் வந்த நாய்

மரியே வாழ்க!

ராமச்சந்திராபுரம்,
தவக்காலம், மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள ஜெசிந்தா அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நீயும் உன்னோடு இருக்கும் சகோதரிகளும் ராஞ்சியில் நோய் நொடியில்லாமல் இருக்க, இங்கே தினமும் செபமாலையில் ஒரு பத்து மணியை உனக்கென்று ஒதுக்கிச் சொல்கிறோம். இதற்கு அடுத்தபடியாக இங்கே எல்லோரும் சுகம் என்று அப்பா எழுதுவார். இந்த முறையும் அந்த வரியை எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்பா உயிரோடு இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், இப்போதுகூடக் கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார். உங்கள் மடத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பதால் அதை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை, ஓரத்தில் எனக்கு இரண்டு விரல் அகலம் இடம் விடுவார், அவ்வளவுதான். இந்த மாதம் முழுத் தாளையும் என்னிடம் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல என் எழுத்து மாதிரியே எழுது, உனக்குத்தான் வருமே என்றார். வரும்தான், ஆனால் மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். அம்மா முதலில் அவர் சொன்னபடி எழுதுடி என்றாள், அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அப்படி எழுதாதடி என்றாள். பிறகு மறுபடி உள்ளே போய்விட்டாள். நான் ஏன் மாட்டேன் என்றேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கதீட்ரலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழுது பார்க்கிறார்கள். கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப் பட்டைகள் வயதாகித் தளர்ந்துவிட்டன, சில துண்டுகள் விரலால் தொட்டாலே ஆடுகின்றன. கழற்றிய இடத்தில் ஒட்டுப்பலகை அடிக்கிறார்கள். போன வாரம் நம் ஜன்னலின் முறை. நம் ஜன்னல் என்றால் நாம் உட்காரும் இடதுபக்க வரிசைக்கு மேலே இருப்பது, பயணம் போகும் தோபியாவும், பக்கத்தில் ரபேல் சம்மனசும், காலடியில் அந்த நாயும். வெயில் பள்ளிக்கூடக் கட்டடத்தைத் தாண்டி வந்தால்தான் மூலையில் இருக்கும் நாய் தெரியும் என்பதும், அதை முதலில் பார்க்கிறவர் சொல்வதுதான் அன்றைய காலைப் பலகாரம் என்பதும் நீ மறக்கக்கூடியதா? நீ போன பிறகும் அதை விடவில்லை. நான் இட்லிக்காக முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அப்பா சுலபமாகப் பூரியை ஜெயித்துவிடுவார். பூரின்னா மட்டும் இந்த மனுஷனுக்குக் கண்ணு எங்கிருந்துதான் வருமோ என்று அம்மா முனகுவாள்.

அந்த ஞாயிறு லிங்கம்பள்ளியில் ரயிலைத் தவறவிட்டு, பூசை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனதும் பலகையைப் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள், யாரும் ஒன்றும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரிகிற ஒன்றை யார் யாருக்குச் சொல்வது? நற்கருணை வாங்கிவிட்டு வந்து முழந்தாளிட்டோம். பூசை முடிந்து பாட்டு எடுத்த நேரம் அப்பா என் பக்கம் குனிந்து, அந்தப் பக்கம் திரும்பாமலேயே, நாய் வந்துடுச்சுடி, வால்கூடத் தெரியுது, இன்னைக்கும் பூரிதான் என்றார். பின் வரிசையில் இருந்த லலிதா ஆன்ட்டி சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். ஆண்டனி சார், பலகையிலகூட உங்களுக்கு நாய் குலைக்குதா என்றார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மெல்லத் திரும்பி, முகத்தை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்தி அந்தப் பலகையைத் தேடினார். அவர் தேடியதைப் பார்த்ததும் அம்மா பாட்டை நிறுத்திவிட்டாள். அன்று பூரியும் இல்லை, இட்லியும் இல்லை. நாம்பள்ளி ஸ்டேஷன் படிகளில் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவரும் அதை உதறவில்லை.

மறுநாளே ஹப்சிகுடாவில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். கிளாக்கோமா, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகும் நோயாம். இடது கண்ணில் ஒன்றும் இல்லை. வலது கண்ணில் நேரே எதிரே ஒரு சிறிய வட்டம் மட்டும் தெரிகிறது, அதுவும் புகை மூட்டத்தோடு. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து திருடிக்கொண்டு வரும் நோய் என்றார். ஆனால் அப்பாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் கூடப் போகும் வைத்தியநாதன் மாமா தினமும், ஆண்டனி, படி, ஆண்டனி, இந்தப் பக்கம் என்று குரல் கொடுத்துத்தான் அவரை ஏற்றி இறக்கியிருக்கிறார். வேடிக்கைக்குக் கத்துகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா என்று அம்மா அழுதபோது, உங்க மாதா மேல என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்மா, ஐயர் வீட்டுப் பிள்ளை அதை மீறினா நான் எந்தக் கோயில்ல போய்ப் பரிகாரம் பண்றது என்றார். சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா சொல்வது இதுதான். மே மாதம் ஜெசி துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறாள், அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் ஓடி வந்துவிடுவாள், ஆண்டவர்கிட்ட கொடுத்ததைக் கை நீட்டித் திரும்பக் கேட்ட மாதிரி ஆகிவிடும். அம்மாவுக்கு நீ வர வேண்டும் என்று இருக்கிறது, அப்படி இருப்பதற்காகவே சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அப்பாவுக்குக் கண் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு நீ வார்த்தைப்பாடு கொடுத்தால், அது நாங்கள் சேர்ந்து உன் கண்ணைக் கட்டிவிட்டது போல. இன்னொன்றும் இருக்கிறது. இந்த நோய் ரத்த உறவு வழியாக வரலாம், பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. உனக்கு யார் பார்ப்பது?

பைபிளில் தோபித்து ஆகமத்தை எடுத்து முழுதாகப் படித்தேன். குருவி எச்சம் விழுந்து கண் போன அப்பா, தூர தேசம் போன மகன் தோபியா, வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா. மகன் திரும்பி வந்து மீனின் பித்தத்தைத் தடவியதும் அப்பாவுக்குப் பார்வை வருகிறது. நாய் போகும்போதும் கூடப் போகிறது, வரும்போதும் கூட வருகிறது, அதனால் நம் ஜன்னலில் அவன் போகிறானா வருகிறானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வருகிறான் என்று அப்பா சொல்வார், நீ போன நாளிலிருந்து அம்மா போகிறான் என்கிறாள். இன்று பூசை முடிந்ததும் பக்கத்து அறையில் அதை மேஜைமேல் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்தேன். பின்னால் வெளிச்சம் இல்லாததால் எல்லாமே கறுப்பு, சம்மனசின் இறக்கை, தோபியாவின் முகம், எல்லாம். நாய் இருக்கும் துண்டு விரிசல் விட்டு, காகித நாடா ஒட்டிக் கிடந்தது. நான் பார்த்தது அப்பாவுக்குத் தெரியாது. இன்றும் ரகசியமாக, வந்துச்சா என்று கேட்டார். பலகைதான் அப்பா என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

இதுவரை எழுதியதை இப்போது அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ஜன்னல் கிடந்த கோலம் உட்பட. ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார். பூரிக்காகப் பொய் சொன்னேன்னு மதர் சுப்பீரியர் வரைக்கும் சொல்லிட்டியேடி என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு, சரி, அனுப்பு, ஆனா கையெழுத்து நான்தான் போடுவேன் என்றார்.

மதர், நீங்கள் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும், தயவுசெய்து இதை அக்காவிடம் முழுவதாகக் கொடுங்கள். அக்கா, முதலில் கண்ணைக் காட்டு, தள்ளிப்போடாதே. ஈரத்தலையோடு கோயிலில் உட்காராதே, நோன்பு என்று சொல்லி ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நோயாளிகளின் ஆரோக்கியமாகிய தேவமாதா உன்னைத் தன் கையிலேயே வைத்திருக்கட்டும்.

தினமும் உன் நெற்றியில் மனத்தால் சிலுவை வரையும் அப்பா,
ஆண்டனி

அக்கா, மேலே கோணலாக ஏறிப் போயிருப்பது அப்பாவின் கையெழுத்துதான். கையைப் பிடித்து இடத்தில் வைக்கிறேன் என்றேன், நக்கோ, வேண்டாம் என்று தள்ளிவிட்டார். முதலில் கட்டைவிரலால் தாளில் சிலுவை போட்டார், பிறகு பேனாவை அழுத்திப் போட்டதில் என் கடைசி வரியின் மேலேயே எழுதிவிட்டார், அவருக்கு அது தெரியாது. உன்னை வரச் சொல்லி நான் இதை எழுதவில்லை என்பதுதான் அடியில் போன அந்த வரி. அதைத் திரும்ப இங்கே தெளிவாக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

அஸ்வினி