சிரித்தால் விழுகிறவளுக்கு

இன்று காலை என் அண்ணன் மகள் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அவள் டாக்டர். எனக்கோ சரியாகத் தூங்கிப் பல மாதமாகிறது. எதற்கென்று தெரியாத ஒரு பதற்றமும் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"இது பழைய தூக்க மாத்திரை மாதிரி இல்ல, அத்தை. மூளைக்குள்ள ஓரெக்ஸின்னு ஒண்ணு சுரக்குது. நம்மள முழிச்சிருக்க வைக்குறது அதுதான். ராத்திரியில அத அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை."

"அது சுத்தமா இல்லாமப் போச்சுன்னா?"

"உக்காந்த எடத்துல தூங்குவாங்க. சிரிச்சாக்கூடக் கால் மடங்கி விழுந்துருவாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள். உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி மாளவில்லை. மீதியை உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் சங்கரன்கோவிலில் ஒரு டைப்ரைட்டிங் கடையில் வேலை பார்த்தோம். மனுக்கள் அடித்துக் கொடுப்பது நம் வேலை. நீ அடித்துக்கொண்டே தூங்கிவிடுவாய். கண் சொக்கிய பிறகும் விரல் மட்டும் நிற்காது. பக்கத்து ஊரான கரிவலத்திலிருந்து ஒருவர் கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு மனு எழுத வந்தார். "எனது கிணற்றுக்கு" என்பதுவரை ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு "அக்கா வந்து அக்கா வந்து" என்று நாலு வரி. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு அக்காவே கெடையாதே, தாயி" என்றார், ரொம்பக் கவலையாக. நீ சிரித்தாய். அப்படியே முழங்கால் மடங்கி, சீலைத்துணி நழுவுவதுபோல் தரையில் சரிந்தாய்.

நான் அலறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து நீயே எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய். "எல்லாம் கேட்டுச்சு ஏட்டி. நீ கத்துனதும் கேட்டுச்சு. கையும் காலும்தான் எங்க போச்சுன்னு தெரியல."

ஊர் அதை வலிப்பு என்றது. நீ பகலில் தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்றது. உன் அம்மா உன்னைக் கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் இருக்கும் சக்கரக்குழியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். மனசு சரியில்லாதவர்கள் உட்கார்ந்தால் குணமாகும் என்ற நம்பிக்கை. நீ உட்கார்ந்த உடனே குறட்டை விட்டாய். பின்னால் வரிசையில் நின்றவர்கள்பாடு திண்டாட்டமாகிவிட்டது.

நீ அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. "சோம்பேறி சோம்பேறிங்காவ. முழிச்சிருக்கதுக்கு நான் படுத பாடு எவளுக்கும் தெரியல ஏட்டி."

அப்புறம் புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எலுமிச்சங்காய் கமிஷன் கடை. காலையிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். "சிரிச்சிராத. என்ன ஆனாலும் சிரிச்சிராத." நீ காபித் தட்டோடு வந்து நின்றாய். நான் கதவோரம் நின்றிருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, காது மந்தமான உன் பெரியப்பா வாயைத் திறக்கும்வரை.

"மாப்ளைக்கு என்ன யாவாரம்?"

"எலுமிச்சை."

"எருமையா?"

"இல்ல, எலுமிச்சை!"

"எரும நல்ல யாவாரம்லா. எத்தன நிக்குது?"

மாப்பிள்ளை இன்னொரு முறை கத்திப் பார்த்தார். பெரியப்பா அன்போடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாப்பிள்ளை தணிந்த குரலில், "நாலஞ்சு நிக்குது மாமா" என்றார்.

அவ்வளவுதான். தட்டு போனது, காபி அவர் வேட்டியில் போனது, நீயும் போனாய். யாரோ உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். "வலிப்புக்காரியக் கெட்டிவைக்கப் பாத்தாவளே" என்று ஒரு குரல் எழுந்தது. உன் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து உன் முகத்தைப் பார்த்தார்.

"வலிப்பு இல்ல. கண்ணப் பாருங்க, இன்னும் சிரிச்சிக்கிட்டிருக்கு."

அவர் வீட்டில் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து, மனு அடிக்க வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு அவரே நம் கடைக்கு வந்தார். என்ன மனு என்று நீ கேட்டாய். "எரும லோனுக்கு" என்றார். உனக்கு நின்ற இடத்திலேயே கால் மடங்கியது. இந்தத் தடவை அவர் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் உன்னைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். "இது பேயுமில்ல, சோம்பலுமில்ல, ஒரு நோய். ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாராம் டாக்டர். காரணம் தெரியாது என்பதையே நீ பெரிய பட்டம் வாங்கியதுபோல் ஊரெல்லாம் சொல்லிவந்தாய். எலுமிச்சைக் கடைக்குப் பின்னால் உனக்காக ஒரு கட்டில் வந்தது. மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து, ஏலத்தில் ஆண்களோடு மல்லுக்கு நிற்பாய்.

காரணத்தை இன்றுதான் முழுசாகக் கேட்டேன். மூளையின் அடியில் ஒரு சின்ன இடத்தில் இருக்கும் கொஞ்சம் உயிரணுக்கள்தான் அந்த ஓரெக்ஸினைச் சுரக்கின்றனவாம். உனக்கு அவை அழிந்துபோயிருக்கும் என்கிறாள் அண்ணன் மகள். அது இல்லாவிட்டால் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் வரப்பு இருக்காது. கனவு காணும்போது உடம்பு அசையாமல் கிடக்கிறதே, அந்தத் தளர்ச்சி பகலில், சிரிப்பின் நடுவில், வந்துவிடுமாம். அதே பொருள் மிஞ்சினால் பதற்றமும் கூடுமோ என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். பஸ்ஸில் நீ என் தோளில் தூங்கிவழிய, இறங்குமிடம் தப்பிவிடுமோ என்று நான் ஏறியதிலிருந்தே நடுங்கிக்கொண்டு வருவேனே! நம் இருவரையும் கலந்து சரிபாதியாகப் பிரித்திருந்தால் ஒழுங்கான இரண்டு மனுஷிகள் கிடைத்திருப்பார்கள். ஆனால் இவ்வளவு சிரித்திருக்க மாட்டோம்.

போன மாதம் உன் மகள் வந்திருந்தாள். அவளுக்கு உன் நோய் இல்லை. உன் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏதோ சொல்லிவிட்டு நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் கை அதுவாகப் போய் அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. யார் சிரித்தாலும் இந்தக் கை இன்னும் இப்படித்தான் போகிறது.

"என்ன சித்தி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மக்கா. நீ சிரி."