இயந்திரம் சூடேறும் மூன்று நாட்கள்

அன்புள்ள அம்மா,

நேற்று நீ போனில் பேசியது காதில் விழுந்தது. "ஒரு கேபிளை நான்தான் சரியா டைட் பண்ணல. மறுபடி சூடாக்கித் திறக்கணும்" என்றாய். பிறகு ஒற்றைச் செருப்போடு சோபாவிலேயே தூங்கிவிட்டாய். அதை நான்தான் கழற்றினேன்.

உன் ஆய்வகத்தில் குவாண்டம் கணினியை உறைகுளிரில் வைத்திருக்கும் அந்தக் குளிர்பெட்டி, இன்று அணைத்தாலும் சூடேற மூன்று நாளாகும், அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். "அதுவரைக்கும் நாங்க ஈ ஓட்டணும்டி" என்று சிரித்தாயே! உனக்காக வருத்தப்பட்டேன். கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, மன்னித்துவிடு.

நாளை மறுநாள் என் பேச்சுப் போட்டி. போன இரண்டு போட்டிக்கும் வேலை இருந்ததால் நீ வரவில்லை; நான் கோபித்துக்கொள்ளவில்லை. முன்வரிசை நாற்காலி ஒன்றில் என் பையை வைத்து இடம் பிடிப்பேன். நீ அங்கே வந்து தூங்கினாலும் பரவாயில்லை.

உன் மகள்