மறு கைப்பிடி

அரிலியே மலைப்பக்கம்,
6 ஜூலை 1986

அன்பு மருமகள் தெசாங்காவுக்கு உன் தாய்மாமன் வுகோசாவ் எழுதுவது.

இப்படி நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நீ உடற்பயிற்சிக்கென்று அந்த நீலப் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கிய அன்றே சொன்னேன். வேண்டுமானால் ஓட்டுநரைக் கேட்டுப் பார்.

உன் அம்மா வியாழக்கிழமை காலையிலிருந்து படுக்கையில் கிடக்கிறாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. இருமினால் அழுகிறாள். ராஸ்பெரி பழுத்துக் கொட்டுகிற வாரம், வீட்டுக்காரி மல்லாக்கக் கிடக்கிறாள்!

காரணம் தெரியாமல் ஊரே விழித்தது. நான்தான் கண்டுபிடித்தேன். நான் நான்கு வகுப்புதான் படித்தேன். ஆனால் பட்டாளத்தில் ஒரு மேஜர் தன் முதுகை என்னிடம்தான் காட்டுவார். புதன்கிழமை மாலை நீ ஊருக்குத் திரும்பும் முன் அவளைத் தரையில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னாய். அந்த நேரம் நான் உங்கள் வேலியோரம் போனேன். கதவு திறந்திருந்தது. எதிரே சன்னலும் திறந்திருந்தது. சன்னல் திரை அணிவகுப்பில் கொடி பறப்பதுபோலப் பறந்தது. குறுக்குக் காற்று, தெசாங்கா! வேர்த்த முதுகில் குறுக்குக் காற்று! இந்த நாட்டில் போரில் செத்தவர்களைவிடக் குறுக்குக் காற்றில் செத்தவர்கள் அதிகம். நீ படித்த பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லையா?

என்னைப் பார். அதே வியாழக்கிழமை காலை, பழம் பறிக்க வந்த பதினாலு பேருக்கு பீன்ஸ் காய்ச்ச, உங்கள் செப்பு அண்டாவை வாய்வரை தண்ணீரோடு கிணற்றடியிலிருந்து அடுப்புக்கு ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்தேன். ஒரு நோவு இல்லை. ஏன்? என் வீட்டில் சன்னல் திறப்பதில்லை.

நீ கவலைப்படாதே. குதிரைக்கு லாடம் அடிக்கிற ஒப்ரெனிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் இலியா திருநாளன்று வந்து, அவள் முதுகில் ஏறி நின்று, எலும்பை இருந்த இடத்தில் உட்காரவைப்பான்.

உன் நலம் விரும்பும்,
மாமா வுகோசாவ்


வெந்நீரூற்று மருத்துவமனை,
12 ஜூலை 1986

மாமா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

சன்னல் மூடியிருந்தது. கொக்கியை மாட்டியது நான். அம்மா அதைத் தன் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் பாயில் உட்கார்ந்தார். நானும் இந்த நாட்டில்தானே பிறந்தேன்? நான் போன பிறகு நீங்கள் சொன்னதைக் கேட்டு, "கண்ண மூடச் சொல்லிட்டு அப்புறமாத் தொறந்திருப்பா" என்கிறாராம். பக்கத்து வீட்டுக் கோசானா எழுதியிருக்கிறாள். ஊர் முழுக்க இப்போது எனக்குப் பெயர், பெற்ற தாயைக் காற்றில் போட்டுப் படுக்கவைத்தவள்!

பதினொரு வருடமாக முதுகு பார்க்கிறேன். முழங்காலை மெல்ல அணைத்ததால் மறுநாள் காலை யாருக்கும் இப்படிப் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. குனிந்து, திரும்பி, பாரம் தூக்கினவர்களுக்குத்தான் பிடிக்கும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த அண்டாவுக்கு இரண்டு கைப்பிடி. வாய்வரை தண்ணீர் இருந்தால் அதை இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கினாலே முகம் சிவக்கும். ஏப்ரலில் நீங்கள் ஷூ நாடா கட்டக் குனிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மறு கைப்பிடியைப் பிடித்தது யார்?

ஒப்ரென் அம்மா மேல் ஏறக் கூடாது. அவர் குதிரை அல்ல. நாள் முழுக்கப் படுத்தும் கிடக்கக் கூடாது. எழுந்திருக்கும்போது நேராக எழ வேண்டாம். முதலில் ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே விட்டு, கையை ஊன்றி எழட்டும். வாசல்வரை நடந்து திரும்பட்டும். உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளட்டும். பிறகு கைகளையும் முழங்காலையும் ஊன்றிப் பூனைபோல முதுகை வளைப்பது, நிமிர்த்துவது. லேசான இழுப்பு தெரியும்வரைதான். காலில் மரமரப்பு வந்தால் உடனே டாக்டரிடம்.

இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

தெசாங்கா


அரிலியே மலைப்பக்கம்,
18 ஜூலை 1986

கோபக்காரி மருமகளுக்கு மாமாவின் ஆசி.

கடிதம் கிடைத்தது. தபால்காரன் கொண்டுவரும்போதே உறை சுட்டது என்று சொன்னான்.

மூத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஷூ நாடா கதை சொல்கிறாய். அன்று நான் சுவரைப் பிடித்தது முதுகுக்காக அல்ல, சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க. நான் கொஞ்சம் குனிந்து நடப்பதும் காளான் தேடுகிற பழக்கம். என் முதுகு இருபது வருடம் முன்பே சரியாகிவிட்டது. ஓக் பலகையில் நாற்பது நாள் அசையாமல் கிடந்தேன். நாற்பத்தோராவது நாள் எழுந்து ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். அதையேதான் உன் அம்மா மிலுங்காவுக்கும் சொல்லியிருக்கிறேன்: அசையாதே.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பூனை வந்த இடத்தில் கோசானா சிரித்துவிட்டாள். உன் அம்மா சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "பெத்த மவளே என்னைக் காத்துல போட்டுட்டுப் போயிட்டா. இனி அவ வைத்தியம் எனக்கு வேணாம்ணே" என்றாள். நான் என்ன செய்ய?

கைப்பிடி கைப்பிடி என்று போலீஸ்காரன் மாதிரிக் கேட்காதே. அண்டா அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. பீன்ஸ் வெந்தது. பதினாலு பேரும் சாப்பிட்டார்கள்.

மாமா வுகோசாவ்


வெந்நீரூற்று மருத்துவமனை,
25 ஜூலை 1986

மாமா,

அம்மாவுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறை பிரிக்கப்படவில்லை. பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்து: "முதலில் சன்னலை மூடக் கற்றுக்கொள்."

நேற்று என் வார்டில் ஒரு கிழவிக்கு உட்காரச் சொல்லிக்கொடுத்தபோது என் குரல் உடைந்துவிட்டது. "என்னடி பொண்ணே, உனக்கும் முதுகு வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறு கைப்பிடியைப் பற்றி நீங்கள் பதில் சொல்லவில்லை. அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒப்ரெனின் கால் அம்மா முதுகில் பட்டால் எனக்குத் தாய்மாமன் இல்லை. நம் குலப் புனிதர் விருந்துக்கு அந்த வாசலில் என்னை எதிர்பார்க்க வேண்டாம். இனி எழுதமாட்டேன்.

தெசாங்கா


அரிலியே மலைப்பக்கம்,
3 ஆகஸ்ட் 1986

மருமகளே,

நீ பதில் எழுதமாட்டாய். தெரியும். இருந்தாலும் உன் மாமன் செய்த வீரச்செயலை நீ அறிந்துகொள்ள வேண்டும்.

நேற்று இலியா திருநாள். வேலை செய்தால் இடி விழும் நாள். முதுகில் ஏறுவது வேலையில் சேராது என்று சொல்லிக்கொண்டே ஒப்ரென் வந்தான். பூட்ஸைக் கழற்றினான். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. உன் அம்மாவைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தார்கள். அவன் நாற்காலியில் ஏறினான். அந்த நேரம் வானம் பிளக்கிற மாதிரி இடி. நான் வைக்கோல் அள்ளும் கவைக்கம்பை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன், ஒப்ரென் சன்னல் வழியாக...

இல்லை. இடி இடிக்கவில்லை. கவைக்கம்பும் இல்லை. மிலுங்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "வலிக்குமாண்ணே?" என்று கேட்டாள். சின்ன வயதில் பல் பிடுங்கும்போது இதே மாதிரிதான் கேட்டாள்.

"எறங்குடா ஒப்ரென்" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஏண்ணே?" என்றாள் மிலுங்கா.

"காத்தால வந்ததில்ல மிலுங்கா. அண்டாவால வந்தது."

"அண்டாவா? மறுபக்கம் நாந்தான பிடிச்சேன். நாப்பது வருசமாத் தூக்கறேன், அதுல என்ன வரும்?"

"பாதி வழியில நான் விட்டுட்டேன்ல."

"கைப்பிடி வழுக்கிடுச்சுன்ன."

"வழுக்கல. என் இடுப்பு பிடிச்சுகிச்சு. மொத்தப் பாரமும் உன் பக்கம் சாஞ்சிடுச்சு."

ஒப்ரென் சத்தமில்லாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டான். உன் அம்மா, "ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசமா எம் மவளத் திட்டிகிட்டுக் கெடந்தனே! அவ கடுதாசியத் திருப்பி அனுப்பினனே! வாயத் தொறந்தியாய்யா நீ?"

அதற்குப் பிறகு அவள் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருக்களித்துத் திரும்பினாள். இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே விட்டாள். கையை ஊன்றி எழுந்தாள். நீ எழுதினபடி, ஒரு எழுத்துப் பிசகாமல். எழுந்து, காலில் இருந்த மரச்செருப்பை என் மேல் எறிந்தாள். நன்றாகப் பட்டது.

ஓக் பலகையும் நாற்பது நாளும் பொய் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். கன்றுக்குட்டி மட்டும் உண்மை; நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. உன் கடிதத்தில் இருந்த பூனையை நான் மாட்டுத் தொழுவத்தில் யாருக்கும் தெரியாமல் செய்துவருகிறேன். மாடு பார்க்கிறது. இப்போது ஷூ நாடாவைச் சுவரைப் பிடிக்காமல் கட்டுகிறேன். நம்பினால் நம்பு.

உன் அம்மா சொல்லச் சொன்னது: "அவள வரச் சொல்லு. ரெண்டு பாயாக் கொண்டாரச் சொல்லு, இந்தப் பொய்யனுக்கும் ஒண்ணு. சன்னலை மட்டும் மூடச் சொல்லு."

அந்தச் சன்னலைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நீயே அவள் முன்னால் படி. நான் செருப்பு எட்டாத இடத்தில் நின்றுகொள்கிறேன். புதன்கிழமை மாலை நான் உங்கள் வேலியோரம் வரவே இல்லை. முதுகு வலி தாங்காமல் என் வீட்டில் குப்புறக் கிடந்தேன். சன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, எனக்கு எப்படித் தெரியும்? திரை பறந்ததை நானேதான் சேர்த்தேன்.

வுகோசாவ்